நடைப்பிணங்களும் நாங்களும்



வழமையாக இந்த நேரத்தில் வரிக்கணக்கு, ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று கதைத்து உங்களுக்குக் கொட்டாவி வரவைக்கிறவன் நான். இந்த மாதம் பேரேட்டை மூடி வைத்துவிட்டு வேறொரு விடயத்தோடு வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் இளைய மகளின் புத்தக அலுமாரி.

அவளுக்குப் பதினாறு வயது. அலுமாரி நிறைய உலகம் அழிந்துபோகும் கதைகள். நோய் பரவி நகரங்கள் வெறிச்சோடிவிடும். செத்தவர்கள் எழும்பி நடப்பார்கள். தப்பிய நாலு பேர் தோள்பையோடு தெருத்தெருவாய் அலைவார்கள். அந்த எழும்பி நடக்கும் பிணத்துக்கு ஆங்கிலத்தில் ஸொம்பி என்று பெயர். பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, பெற்றோருக்காகச் சொல்கிறேன்.

எனக்கு இந்தப் புத்தகங்களைக் கண்டாலே எரிச்சல். பங்கருக்குள் கிடந்ததும், மூட்டை முடிச்சோடு ஊர் ஊராய் ஓடினதும் நாங்கள் உண்மையாகவே பட்டவை. அதையே காசு கொடுத்து வாங்கிப் பொழுதுபோக்காக வாசிப்பதா? ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "அப்பா, நீங்கள் ஒண்டையும் வாசிக்காமல் கணக்கை முடிக்கிறீங்கள்" என்றாள். ஒரு கணக்காளனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. அந்தக் குளிர்காலம் முழுவதும் இருந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இந்தக் கதைகளுக்கும் ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது. அந்த வரலாற்றுக்குள் நாங்களும் எங்கேயோ நிற்கிறோம் என்பதும் தெரிந்தது.

முதலில் என் கையில் சிக்கியது 1722இல் டானியல் டீஃபோ எழுதிய 'கொள்ளைநோய் ஆண்டின் நாட்குறிப்பு'. 'ரொபின்சன் குரூசோ' எழுதிய அதே டீஃபோதான். 1665இல் லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியபோது அவருக்கு ஏறக்குறைய ஐந்து வயது. 1720இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மீண்டும் அந்த நோய் தோன்றியது. இங்கேயும் வந்துவிடுமோ என்று லண்டன் நடுங்கிக்கொண்டிருந்த வேளையில், பழைய நோயைக் கண்ணால் கண்ட ஒரு குதிரைச் சேண வியாபாரி எழுதியதுபோல இந்த நூலை அமைத்தார். அந்த வியாபாரியின் வீடு ஓல்ட்கேற்றுக்கு வெளியே, வைற்சப்பல் போகும் வழியில் இருக்கிறது. நான் வேலைக்குப் போகும் பஸ் அந்த வழியால்தான் போகிறது. இத்தனை வருடமாக ஒரு புதைகுழிப் பட்டினத்தின் மேலால் போய்வந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

அந்த நூலில் என்னைப் பிடித்து இருத்தியது எண்கள். அந்நாளைய லண்டனில் வாராவாரம் ஒவ்வொரு தேவாலயப் பிரிவிலும் எத்தனை பேர், என்ன காரணத்தால் இறந்தார்கள் என்று மரணப் பட்டியல் அச்சிட்டு விற்பார்கள். டீஃபோவின் வியாபாரி அந்தப் பட்டியல்களைக் கணக்காய்வாளன்போலத் தோண்டுகிறான். கொள்ளைநோயால் இறந்தோர் தொகை கொஞ்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வாரங்களில் வேறு காய்ச்சல்களால் இறந்தோர் தொகை ஏன் திடீரென்று ஏறுகிறது? நோய் என்று ஒத்துக்கொண்டால் வீட்டுக்கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, முழுக் குடும்பத்தையும் உள்ளே வைத்துப் பூட்டி, வாசலில் காவல் போடுவார்கள். ஆகவே சனம் மறைத்தது. 1665ஆம் ஆண்டின் பட்டியல்களில் கொள்ளைநோய் மரணங்கள் 68,596. டீஃபோவின் வியாபாரியோ ஒரு இலட்சத்துக்குக் குறையாது என்கிறான். எழுதப்பட்ட தொகைக்கும் உண்மையான தொகைக்கும் இடையில் இருக்கிற அந்த இடைவெளியை எங்களில் யாருக்குத்தான் விளக்க வேண்டும்?

இன்னொரு இடம். நகரத்தை விட்டு வெளியேற நகர முதல்வரின் பாஸ் வேண்டும், நோயில்லை என்ற அத்தாட்சியும் வேண்டும். அவருடைய வாசலில் சனம் முண்டியடித்து நிற்கிறது. பாஸ் என்ற அந்தச் சொல்லை வாசித்தபோது புத்தகத்தைக் கொஞ்சநேரம் கீழே வைத்துவிட்டேன். பிறகு மூன்று ஏழைத் தொழிலாளிகள் வருகிறார்கள்: ஒரு பிஸ்கற் சுடுகிறவர், ஒரு பாய்மரச் சீலை தைக்கிறவர், ஒரு தச்சர். வேலையும் இல்லை, இருக்க இடமும் இல்லை என்று கால்நடையாகக் கிளம்புகிறார்கள். வோல்தம்ஸ்ரோ ஊர்ச்சனம் நோய்க்குப் பயந்து வழிமறிக்கிறது. அவர்கள் தடிகளைத் துவக்குகள்போலத் தூக்கிப் பிடித்து, பெரிய கூட்டம் என்று காட்டி, வழியும் சாப்பாடும் பெறுகிறார்கள். எப்பிங் காட்டுப் பக்கமும் முதலில் அதே முகச்சுழிப்புத்தான். நாள் போகப்போக, இவர்களும் மனிசர்தான் என்று கண்ட அந்த ஊரவர்கள் உதவத் தொடங்குகிறார்கள். அகதியைக் கண்டு பயப்படுவதும், பிறகு மனம் இளகுவதும் முந்நூறு வருடங்களுக்கு முன்பே இங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது மேரி ஷெலி. 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதியவர். 1826இல் அவர் எழுதிய 'கடைசி மனிதன்' நாவலில் இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நோய் மனித குலத்தையே அழித்துவிடுகிறது. எஞ்சிய ஒருவன் வெறுமையான ரோம் நகரில் நடக்கிறான். அதை எழுதும்போது அந்தப் பெண்மணி மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தார். கணவர் 1822இல் இத்தாலியக் கடலில் மூழ்கிப் போயிருந்தார். உலகம் அழிந்துவிட்டது என்று அவர் எழுதியது கற்பனைக்காக மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன்.

1898இல் எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் யுத்தம்' புத்தகமாக வந்தது. செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தில் வந்திறங்குகிறார்கள். லண்டன் முழுவதும் தெருவில் இறங்கி ஓடுகிறது. தொடக்கத்திலேயே வெல்ஸ் தன் வாசகரிடம் ஒரு விடயத்தை நினைவூட்டுகிறார்: ஐரோப்பியக் குடியேறிகள் தஸ்மேனிய மக்களை அழித்தார்களே, அப்படியிருக்க இந்த அன்னியர்களைக் குறை சொல்ல எங்களுக்கு என்ன தகுதி? தஸ்மேனிய மக்கள் அடியோடு அழிந்துபோனதாக அந்நாளில் நம்பினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஆனாலும், மற்றவர்களுக்கு நாங்கள் செய்தது எங்களுக்கு நடந்தால் எப்படி இருக்கும் என்று பேரரசின் உச்சக்கட்டத்தில் ஒருவர் கேட்டது பெரிய விடயம்.

வானொலிக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இந்தக் கதையைத்தான் 1938 ஒக்டோபர் 30ஆம் திகதி அமெரிக்காவில் ஓர்சன் வெல்ஸ் செய்தி அறிக்கைபோல நாடகமாக்கி ஒலிபரப்பினார். நாடே பீதியில் தெருவுக்கு ஓடியது என்று பத்திரிகைகள் எழுதின. அது பெரிதும் ஊதிப் பெருப்பித்த கதை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சனம் என்றால் கலவரப்பட்டு ஒன்றையொன்று மிதிக்கும் என்று நம்புவதற்குப் பலர் ஆயத்தமாகவே இருக்கிறார்கள். ஒக்டோபர் 30 என்ற அந்தத் திகதி உங்களில் பலருக்கு வேறொன்றை நினைவூட்டியிருக்கும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி ஸொம்பிக்கு வருவோம். இது ஹொலிவூட்டில் பிறந்தது என்றே நான் நினைத்திருந்தேன். அதன் பிறந்தகம் கரீபியன் கடலில் இருக்கும் ஹெயிட்டி. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். செத்தால் ஆவி கடல் கடந்து ஆபிரிக்கத் தாய்மண்ணுக்குத் திரும்பிவிடும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. செத்தும் விடுதலை கிடைக்காமல், மனமும் நினைவும் பறிக்கப்பட்டு, எசமானுக்காகத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே இருக்கிற உடல்தான் ஸொம்பி. அந்த மக்கள் ஸொம்பி வந்து கடிக்கும் என்று பயப்படவில்லை. தாங்கள் ஸொம்பி ஆக்கப்பட்டுவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள்.

அந்த அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் சுதந்திர நாட்டை அமைத்தார்கள். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தன. தெருப் போடுவதற்குச் சனத்தைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். அந்தக் காலத்தில் வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் அங்கு போய்வந்து 1929இல் எழுதிய பயண நூல்தான் ஸொம்பியை வெளியுலகத்துக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1932இல் 'வைற் ஸொம்பி' என்ற திரைப்படம் வந்தது. அதில் நடைப்பிணங்கள் சீனி ஆலையில் செக்கு இழுக்கின்றன.

நடைப்பிணம் என்ற சொல்லை இப்போது நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். தமிழில் அது புதிய சொல் அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து, முகாமில் விறைத்துப்போய் இருந்தவரைப் பார்த்து, நாங்களே சொன்ன சொல். எங்கள் நடைப்பிணம் யாரையும் கடிப்பதில்லை. உயிர் இருந்தும் வாழ்வு பறிக்கப்பட்டவர் அவர். ஹெயிட்டி அடிமையின் பொருளுக்கு அமெரிக்கப் படத்தைவிட எங்கள் சொல்தான் கிட்ட நிற்கிறது.

பிறகு எப்படி அது கடிக்கிற பிணமாக மாறியது? 1954இல் ரிச்சட் மதிசன் 'ஐ ஆம் லெஜண்ட்' என்ற நாவலை எழுதினார். நோயால் எல்லோரும் இரத்தம் குடிப்பவர்களாக மாறிவிட, லொஸ் ஏஞ்சலிசில் ஒருவன் மட்டும் வீட்டை அடைத்துக்கொண்டு இருக்கிறான். இரவில் அவர்கள் வெளியே நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இந்த நாவலின் தாக்கத்தில் ஜோர்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த படம் 'நைற் ஒஃப் த லிவிங் டெட்'. அந்தப் படத்துக்குள் ஸொம்பி என்ற சொல்லே வராது. ஆனால் இன்றைய ஸொம்பி அங்கேதான் உருவானது. விநியோகத்தின்போது தலைப்பை மாற்றியவர்கள் காப்புரிமை வாசகத்தைப் போட மறந்துவிட்டார்கள். அதனால் படம் ஆரம்பத்திலிருந்தே பொதுச்சொத்து ஆகிவிட்டது. யாரும் காட்டலாம், யாரும் பின்பற்றலாம். ஒரு வரி விடுபட்டால் என்ன நட்டம் வரும் என்பதற்கு என் தொழிலில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்தப் படத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் அகப்படுகிறார்கள். கதவுக்குப் பலகை அடிக்கிறார்கள். வானொலியைச் சுற்றி இருந்து செய்தி கேட்கிறார்கள். நிலவறைக்குள் போவதா, மேலே இருப்பதா என்று சண்டை பிடிக்கிறார்கள். இந்தச் சண்டை எனக்குப் புதிது அல்ல. விமான இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் இறங்குவதா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஐயாவும் அம்மாவும் பட்ட அதே வாக்குவாதம். பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். கடைசியில் இரவெல்லாம் போராடித் தப்பிய கறுப்பின இளைஞனை, காலையில் மீட்க வந்தவர்களே பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே ஆண்டில் திரைக்கு வந்த படம் இது.

நேயர்களே, இங்கே ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். ஹெயிட்டியில் பயந்தவன் அடிமை. அமெரிக்கப் படத்தில் பயப்படுகிறவன் வீட்டுக்காரன். வெளியே முகமில்லாத கூட்டம். அது பசியோடு வருகிறது, எண்ணிக்கையில் கூடுகிறது, கதவைத் தட்டுகிறது. அடுத்து வந்த எத்தனையோ படங்களும் தொடர்களும் இந்தப் படத்தையே திரும்பத் திரும்ப வரைந்தன. ஆபத்து வந்தால் அயலவனை நம்பாதே, கதவைப் பூட்டு, துவக்கை எடு. எனக்கு எரிச்சல் வந்ததன் காரணம் இங்கேதான் பிடிபட்டது. அந்தக் கதவுக்கு வெளியே நின்ற கூட்டம் நாங்கள். நாங்கள் வந்திறங்கிய காலத்தில் எங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த சொற்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளம், அலை, படையெடுப்பு.

ஆனால் நல்ல எழுத்தாளர்கள் இதை உணர்ந்தே இருந்திருக்கிறார்கள். மதிசனின் நாவல் முடிவில், நோயுற்றவர்களில் ஒரு பகுதியினர் புதிய சமூகமாக வாழத் தொடங்கிவிட்டார்கள் என்றும், பகலில் தூங்கும்போது தங்களைக் கொல்லவரும் அவனைத்தான் அவர்கள் பேயாகக் கண்டு நடுங்குகிறார்கள் என்றும் அந்தத் தனிமனிதன் அறிகிறான். ஒக்டேவியா பட்லர் என்ற கறுப்பின எழுத்தாளரின் 'பரபிள் ஒஃப் த சோவர்' 1993இல் வந்தது. கதை 2024இல் தொடங்குகிறது. மதில் கட்டிய குடியிருப்புக்குள் வாழும் பதினைந்து வயதுப் பெண், இந்த மதில் நிற்காது என்று உணர்ந்து அவசரப் பை ஒன்றைக் கட்டி வைக்கிறாள். மதில் விழுந்த பிறகு அவளே பெருந்தெருவில் நடக்கும் சனத்தில் ஒருத்தி ஆகிறாள். மக்ஸ் புரூக்ஸின் 'வேர்ல்ட் வோர் ஸீ' 2006இல் வந்தது. ஸொம்பி யுத்தத்தில் தப்பிய பல நாட்டவர்களின் வாக்குமூலங்களாக அது எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரை அனுபவித்தவர்களிடம் ஸ்டட்ஸ் டேர்க்கல் என்ற அமெரிக்க வானொலியாளர் நேரில் கேட்டுத் தொகுத்த நூலே அதற்கு முன்மாதிரி.

2011இல் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம், ஸொம்பி வந்தால் என்ன செய்வது என்று வேடிக்கையாக ஒரு அறிவுறுத்தல் வெளியிட்டது. உண்மையில் அது புயலுக்கும் நோய்க்கும் ஆயத்தமாவது பற்றியது. தண்ணீர், மருந்து, பற்றரி வானொலி, பிறப்பு அத்தாட்சி என்று பட்டியல். மகள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள். "அப்பா, நீங்கள் வெளிக்கிட்ட நேரம் என்ன கொண்டு போனீங்கள்?"

இத்தனை வருடத்தில் அவள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இருட்டு, மழை, இலட்சக்கணக்கான சனம், நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே தெருவில். ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம் சென்றது. காணி உறுதி, அடையாள அட்டைகள், அம்மாவின் மருந்து, கொஞ்ச அரிசி. கதைகளில் வருவதுபோல யாரும் யாரையும் அடித்துப் பறித்ததை நான் காணவில்லை. சனம் குழந்தைகளைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கியது. சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்களுக்கு விறாந்தையும் கிணறும் தந்தது. எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. விலையைக் கூட்டி விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் திறந்த கதவுகள்தான் எங்களைக் காப்பாற்றின. உலகம் அழியும் கதை எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு, சொல்ல நினைக்காத ஒன்றும் வாயில் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியே ஒரு அப்பு இருந்தார். "நீங்கள் போங்கோ தம்பி, நான் ஆட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. என் சைக்கிள் கரியரில் அவரை ஏற்றியிருக்கலாம். அதில் நான் கட்டியிருந்தது வணிகக் கற்கை நெறியின் இறுதியாண்டுப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களால்தான் நான் பட்டதாரியானேன். 1996இல் நாங்கள் திரும்பியபோது அவர் இல்லை. எப்போது செத்தார், யார் அடக்கம் செய்தார்கள் என்று சொல்ல ஒழுங்கையில் ஆளும் இல்லை.

மகள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அவருக்கு என்ன பெயர்?"

எனக்குத் தெரியவில்லை. 'கடைசி வீட்டு அப்பு' என்றுதான் எல்லோரும் சொல்வோம். டீஃபோவின் மரணப் பட்டியலில் தொகை இருந்தது, பெயர் இல்லை என்று அவளிடம் பெரிதாக விளக்கியவன் நான். என் கணக்கில் அந்தத் தொகைகூட இல்லை.

எங்கள் நிலையத்தின் ஒலிப்பதிவு அறை மாலை நேரங்களில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. இந்தப் புத்தகங்களை வாசிக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் ஏசாதேயுங்கோ. அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்து, மகள் என்னைக் கேட்டதுபோலக் கேட்கச் சொல்லுங்கள். என்ன கொண்டு போனீர்கள், யார் கதவைத் திறந்தார்கள், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள். ஒலிவாங்கியை நான் பிடிக்கிறேன்.

போன கிழமை ஊரில் இருக்கும் ஒரு மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தன் மாமியாரைக் கேட்டு, மாமியார் இன்னொருவரைக் கேட்டு, மூன்றாம் நாள் அப்புவின் பெயர் வந்து சேர்ந்தது. அவருடைய ஆட்கள் எங்காவது இருக்கக்கூடும், அவர்களிடம் கேட்காமல் அதை இங்கே சொல்வது முறையல்ல. மகள் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

 அடுத்த மாதம் வரிக்கணக்கோடு சந்திப்போம்.